அரைக்கட்டை இறக்கம்

28.4 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு ஹாம் ரேடியோப் பெட்டியை 27.1-க்கு இறக்க வேண்டும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐந்துகூட வராது. கச்சேரியில் தம்புராவை அரைக்கட்டை இறக்கினால் எவ்வளவு இறங்குமோ, அதைவிடவும் சற்றுக் குறைவு. இவ்வளவு சின்ன இறக்கத்தில் என்ன கலை இருக்கப்போகிறது என்று கேட்கலாம். சின்ன இறக்கத்தில்தான் கை தெரியும். பெரிய மாற்றம் என்றால் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகவே கட்டிக்கொள்ளலாம். இங்கே பெட்டி அப்படியே இருக்க வேண்டும். அதே நேரம் உள்ளே உள்ள ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு வடிகட்டியும் மயிரிழை நகர்ந்திருக்க வேண்டும். முதலில் வடிவமைத்தவரே வந்து மூடியைத் திறந்தாலும், எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று அவர் கொஞ்ச நேரம் தேட வேண்டும். நல்ல மாற்றத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

இரண்டு அலைவரிசைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாம் என்பவர் அரசுத் தேர்வு எழுதி, வி.யு.2 என்றோ வி.யு.3 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவர். 28-லிருந்து 29.7 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பத்து மீட்டர் அலைவரிசை ஹாம்களுடையது. தன் பெட்டியைத் தானே கட்டலாம், பிரிக்கலாம், கெடுக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் அந்தத் தேர்வே. சிட்டிசன் பேண்ட், சுருக்கமாக சிபி, அதற்குக் கீழே பதினொரு மீட்டரில் இருக்கிறது. தேர்வு கிடையாது, அழைப்புக்குறி கிடையாது. இந்தியாவில் 2005-இல் வந்த விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் உரிமம் இல்லாமல் பேசலாம். ஆனால் சக்தி 5 வாட்டைத் தாண்டக் கூடாது, ஆன்டெனா பெட்டியோடு சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

இதென்ன முழுமை இல்லாத எண்கள் என்று தோன்றும். 27.12-ஐ நடுவில் வைத்து இருபுறமும் 163 கிலோஹெர்ட்ஸ் அளந்து பாருங்கள். இதே எல்லை வரும். தொழிற்சாலைகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் உலகம் முழுக்க ஒதுக்கிய இடம் அது. முட்டி வலிக்கு பிசியோதெரபி நிலையத்தில் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி இயந்திரம் 27.12-இல்தான் ஓடுகிறது. பிளாஸ்டிக் உறைகளை ஒட்டும் இயந்திரங்கள், குழந்தைகளின் ரிமோட் கார்கள் எல்லாம் அக்கம்பக்கத்தில். ஆக நமக்குக் கிடைத்திருப்பது இரைச்சல் மிகுந்த ஒரு சந்து. அமெரிக்காவின் 40 சிபி சேனல்களில் முதல் 27 மட்டுமே இந்த எல்லைக்குள் அடங்கும். 28-ஆவது சேனல் 27.285, வெறும் இரண்டு கிலோஹெர்ட்ஸில் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. விதி எழுதுகிறவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

இதிலிருந்து தெரிவது: மேசைமேல் இருக்கும் 100 வாட் ஹாம் ரிக்கை மாற்றி, மொட்டைமாடி ஆன்டெனாவில் சிபி அலைவரிசையில் பேசுவது இங்கே சட்டப்படி ஆகாது. அமெரிக்காவிலும் ஆகாது. ஆகவே நான் ரசிக்கும் விஷயத்துக்கு இரண்டு பக்கம். ஹாம் பெட்டியின் ரிசீவரை 27-க்கு இறக்கிக் கேட்பது ஒன்று. சிபிக்கென்று செய்த பெட்டியை 28-க்கு ஏற்றி, உரிமத்தோடு பேசுவது மற்றது. கைவேலை இரண்டுக்கும் ஒன்றுதான். திசை மட்டும் வேறு.

இந்த ஏற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பதினொரு மீட்டர் முதலில் ஹாம்களிடம்தான் இருந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1958-இல் அதை எடுத்துப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது, நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்தது, போலீஸ் எங்கே நிற்கிறது, டீசல் எங்கே கிடைக்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சிபி ஒரு பைத்தியமாகவே நாடு முழுக்கப் பரவியது. நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் 23 சேனல்கள் 40 ஆயின. அதோடு கடைகளில் அடுக்கியிருந்த 23 சேனல் பெட்டிகள் பழசாகிவிட்டன, விலை சரிந்தது, ஹாம்கள் வாரிக்கொண்டார்கள். எந்த இடத்தைப் பறிகொடுத்தார்களோ அந்த இடத்துக்கென்று செய்த பெட்டியையே தங்கள் பத்து மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் சிக்கனம் பாதி, பழிதீர்த்த திருப்தி பாதி.

அந்தப் பெட்டிகளில் மிக அழகானது எது என்று கேட்டால், ஒரு தனிப் பெட்டியைச் சொல்ல மாட்டேன், 10.24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சொல்வேன். 23 சேனல் காலத்தில் பெட்டிக்குள் பொதுவாக 14 கிரிஸ்டல்கள் இருக்கும். ஒன்றோடொன்று கூட்டியும் கழித்தும் 23 சேனல்கள் வரும். பிறகு பிஎல்எல் வந்தது: அலையூட்டியின் அதிர்வெண்ணை வகுத்து, ஒரு கிரிஸ்டலோடு ஒப்பிட்டுப் பூட்டிவைக்கும் சுற்று. ஒரே ஒரு 10.24 கிரிஸ்டல். அதை 1024-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 10 கிலோஹெர்ட்ஸ். சேனலுக்குச் சேனல் உள்ள இடைவெளி அது. அதே கிரிஸ்டலின் அதிர்வு ரிசீவருக்குள்ளும் போகிறது. அங்கே முதல் இடைநிலை அதிர்வெண் (ஐஎஃப்) 10.695. அதிலிருந்து 10.24-ஐக் கழித்தால் 455 கிலோஹெர்ட்ஸ். நம் வீடுகளில் பாடிக்கொண்டிருந்த பல பழைய ரேடியோக்களின் வயிற்றில் இருந்த அதே 455. அந்த ரேடியோக்களுக்கென்று ஏற்கெனவே மலிவாகக் கிடைத்த ஐஎஃப் சுருள்களையும் வடிகட்டிகளையும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இங்கே கல் நிஜமாகவே ஸ்படிகக் கல். யார் முதலில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தாரோ அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இந்த அழகைப் புரிந்துகொண்டவர்தான் பெட்டியை ஏற்றவோ இறக்கவோ தகுதியுள்ளவர். ஏனென்றால் அவசரக்காரர் முதலில் கை வைப்பது அந்த 10.24-இல்தான். அதைத் தொட்டால் சேனல் இடைவெளியும் கெடும், 455-உம் கெடும். விஷயம் தெரிந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு, வகுக்கும் எண்ணை மாற்றுவார். பிஎல்எல் 02ஏ என்ற பழைய சில்லில் அதற்கென்று ஒன்பது கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் பூஜ்யமோ ஒன்றோ. சேனல் திருகிலிருந்து வரும் கம்பிகளில் ஒன்றிரண்டை அறுத்து, வேறு காலில் வேறு மின்னழுத்தம் கொடுத்தால் எல்லாச் சேனல்களும் கூட்டமாக இடம்பெயரும். அல்லது உள்ளே கலப்பதற்கென்று இருக்கும் இன்னொரு கிரிஸ்டலை மாற்றலாம். எந்த வழியில் போனாலும் கடைசியில் அலையூட்டியின் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்தே ஆக வேண்டும். முதல் சேனலிலும் கடைசிச் சேனலிலும் அது எல்லைக்குள் அமைதியாக நிற்கிறதா? நின்றால் பூட்டு விழுந்துவிட்டது. ஊசி ஒரு துள்ளலும் இல்லாமல் நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது சுருள்கள். எனக்கு இதுதான் உயிர்நாடி. ஒத்ததிர்வுச் சுற்று ஒன்றை 28.4-லிருந்து 27.1-க்கு இறக்கக் கொள்ளளவை எத்தனை கூட்ட வேண்டும்? விகிதத்தின் வர்க்கம், 1.098. பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 47 பிகோஃபாரட் கண்டென்சர் இருக்கும் இடத்தில் அதன் முதுகில் ஒரு 4.7-ஐப் பற்றவைத்தால் தீர்ந்தது. பலகையில் ஒரு தாமிரக் கோட்டைக்கூட வெட்ட வேண்டாம். நாளைக்கே மனம் மாறினால் அந்த 4.7-ஐ எடுத்துவிடலாம், பெட்டி பழையபடி. இந்தத் திரும்பிப் போகும் வசதி இல்லாத எந்த மாற்றத்தையும் நான் ரசிப்பதில்லை. வைக்கிற கண்டென்சரும் என்பிஓ வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சித்திரை வெயிலில் ஓரிடத்திலும் ஆடி மழையில் வேறிடத்திலும் டியூன் நிற்கும்.

கண்டென்சரைத் தொடாமல், சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகை உள்ளே இறக்கியும் இதைச் செய்யலாம். பாதிச் சுற்று, முக்கால் சுற்று. இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருகினால் அந்த இரும்பே சுருளின் தன்மையை மாற்றிவிடும். டியூன் ஆகிவிட்டது என்று கையை எடுத்தவுடன் ஓடிப்போகும். அதனால் மூங்கில் குச்சியைச் சீவி நுனியைத் தட்டையாக்கி வைத்துக்கொள்வார்கள். பின்னல் ஊசியைத் தேய்த்துச் செய்தவர்களும் உண்டு. பழைய பெட்டிகளில் அந்தத் திருகு மெழுகில் உறைந்திருக்கும். சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் காட்டி, மெழுகு இளகும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். பொறுக்காமல் திருகினால் ஃபெரைட் உள்ளேயே இரண்டாக உடையும். அப்புறம் அந்தச் சுருள் அவ்வளவுதான். டியூன் செய்து முடித்தபின் ஒரு சொட்டு மெழுகுவர்த்தி மெழுகு விட்டு மறுபடி உறையவைப்பது மரபு. ஒருவர் மாற்றிய பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த மெழுகைத்தான். இருந்தால் உட்கார்ந்து மீதியையும் பார்ப்பேன்.

இப்போது எதிர்ப்பக்கம். இன்றைய ஜப்பானிய ரிக்குகளில் எந்த நாட்டுக்கு எந்த எல்லை என்பதைப் பலகையில் சில டயோடுகளின் இருப்பும் இல்லாமையும் தீர்மானிக்கின்றன. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டயோடைக் கிள்ளி எடுத்தால், அமெச்சூர் அலைவரிசைகளில் மட்டும் பேசிக்கொண்டிருந்த பெட்டி 30 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் பேசும். பலரும் ‘மாடிஃபிகேஷன்’ என்று சொல்வது இதைத்தான். எனக்கு இதில் ரசிக்க ஒன்றும் இல்லை. கிள்ளியவருக்குப் பெட்டியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. பெட்டியிலும் ஒரு சுருள்கூட நகர்வதில்லை. அகலமான அலைவரிசைக்கும் ஈடுகொடுக்கும் ஆம்ப்ளிஃபையரை வடித்த பொறியாளருக்குத்தான் அந்தப் பெருமை. கிள்ளியவர் செய்தது அவர் போட்ட தாழ்ப்பாளை உடைத்தது மட்டும்.

தாழ்ப்பாளை உடைத்தவர்கள் பெரும்பாலும் மறப்பது ஹார்மானிக்குகளை. 27.2-இல் அனுப்பினால் அதன் இரட்டிப்பு 54.4-இலும் மெலிதாகப் போகும். வடிகட்டி சரியாக இருந்தால் ஒன்றுமில்லை. கூடுதல் பவர் வேண்டும் என்று வெளியே ஒரு மலிவான ஆம்ப்ளிஃபையரையும் மாட்டியிருந்தால் தொல்லைதான். எங்கள் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் அயனி மண்டலத்தைப் படிக்க வைத்த விஎச்எஃப் ராடார் 54.95 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. வானத்திலிருந்து திரும்பி வரும் அணுவளவு எதிரொலியைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் கருவிக்குப் பக்கத்தில் போய், பட்டப்பகலில் தொண்டையைக் கனைப்பதா? இந்த ஊர்க்காரனுக்கு அந்தக் கூச்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சரக்கு என்று சொல்ல ஒன்று இருக்கிறது; அதைப் பேசாமல் இந்தக் கட்டுரை நிறையாது. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான், அழைப்புக்குறி வி.யு.2.இ.எஸ்.இ., 2000-களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற டிரான்சீவரை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். இந்தியக் கடைத்தெருவில் கிடைக்கும் பொருளே போதும் என்பது அதன் பிடிவாதம். சுருள் சுற்றக் குழாய் வாஷர். இறக்குமதி டொராய்டு வளையம் கிடைக்காத இடத்தில் பழைய டிவி ஆன்டெனாவின் பாலன் கோர். ஆனால் அதன் உண்மையான அழகு மலிவில் இல்லை, ஒரு திருப்பத்தில் இருக்கிறது. ஒரே மிக்சர், ஒரே கிரிஸ்டல் வடிகட்டி. கேட்கும்போது சமிக்ஞை ஒரு திசையில் போகும், பேசும்போது அதே பாதையில் எதிர்த்திசையில் வரும். நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு பக்கமும் முகம் உள்ளவை. காகிதத்தில் அந்தச் சுற்றைப் பார்க்கும்போதே, வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் படிக்கலாம். விகடகவி!

2017 இறுதியில் வந்த மைக்ரோபிட்எக்ஸ் அதன் தம்பி. 3-லிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதும். வருவதையெல்லாம் முதலில் 45-க்குத் தூக்கி, பிறகு இறக்கும் முறை. அதிர்வெண்ணைப் பிறப்பிக்க எஸ்ஐ 5351 என்ற சில்லு. அதற்குக் கட்டளையிட ஓர் ஆர்டுயினோ நானோ. பவருக்கு ஐஆர்எஃப் 510, அதாவது வானொலிக்கென்று செய்யப்படாத ஒரு ஸ்விட்சிங் மாஸ்ஃபெட். பிழைப்புக்கு வேறு வேலைக்கு வந்தவனை மேடையேற்றிப் பாடவைத்திருக்கிறார்கள், அவனும் நன்றாகவே பாடுகிறான். 28 பக்கம் போகும்போது மட்டும் குரல் கொஞ்சம் கம்மும். முதல் பதிப்புகளில் ரிலேக்கள் வழியே ஹார்மானிக் கசிவதை ஹாம்களே அளந்து சொன்னார்கள். ரிலேயை மாற்றியும் கம்பியை வேறு வழியில் ஓட்டியும் தீர்வு கண்டு, எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் பதிப்பில் அந்தப் பகுதியே மாற்றி அமைக்கப்பட்டது. கூட்டாகச் செய்த மாற்றம் என்றால் இதுதான்.

மைக்ரோபிட்எக்ஸில் 27-ஐக் கேட்க எதையும் கிள்ள வேண்டாம். குமிழைத் திருப்பினால் போதும். பேசக் கூடாது என்பதை எந்த டயோடும் அங்கே சொல்வதில்லை. உங்கள் உரிமம் சொல்கிறது. நிரல் திறந்திருப்பதால் அதில் சில வரிகளைச் சேர்த்து, அமெச்சூர் எல்லைக்கு வெளியே மைக் பட்டனை அமுக்கினாலும் டிரான்ஸ்மிட்டர் விழிக்காதபடி செய்துவிடலாம். டயோடைக் கிள்ளுவதற்கு நேர் எதிரான செயல்: இல்லாத தாழ்ப்பாளைத் தானாகப் போட்டுக்கொள்வது. அந்தச் சில வரிகளை நான் நல்ல சுருளுக்குச் சமமாக ரசிக்கிறேன்.

இதையெல்லாம் எங்கேயும் செய்யலாம். திருவனந்தபுரத்தில் செய்வதில் என்ன விசேஷம் என்றால், வானம். ஸ்வாதித் திருநாள் 1837-இல் இங்கே வானாய்வு நிலையம் தொடங்கினார். கீர்த்தனைகளால் மட்டும் அவரை நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட்டுக்குப் பின் 1852-இல் வந்த ஜான் ஆலன் பிரௌன், காந்த ஊசியின் போக்கை ஆண்டுக்கணக்கில் அளந்தார்; 1855-இல் அகத்தியர் மலை உச்சிக்கும் கருவிகளைச் சுமந்து கொண்டுபோனார். பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊரை ஒட்டிப் போகிறது. ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் தரைக்கு இணையாகக் கிடக்கும் இடம். 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து மேலே போனதற்கும், ஒரு மீனவக் கிராமத்தின் மேரி மக்தலேனாள் தேவாலயம் ராக்கெட் நிலையமானதற்கும் காரணம் அந்தக் கோடுதான்.

அந்தக் கோட்டின் மேல் அயனி மண்டலம் மற்ற இடங்களில் உள்ளதுபோல் நடந்துகொள்வதில்லை. பகலில் இங்கே மின்துகள்கள் மேல்நோக்கித் தூக்கப்பட்டு, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 15 டிகிரி தள்ளிப் போய்ச் சரிகின்றன. நீரூற்று விளைவு என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர். ஆகவே அடர்த்தி அங்கே கூடுகிறது, நமக்கு மேலே குறைகிறது. மாலையில் 28-இலும் அதற்கு மேலும் வடக்கே உள்ளவர்கள் நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே உள்ளவர்களோடு பேசுவதற்கு இந்த இரண்டு குவியல்களே உதவுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த அலைகள் பெரும்பாலும் நம் தலைக்கு மேலாகவே போய்விடுகின்றன. ஊற்று நம் வீட்டில், தண்ணீர் ஊருக்கு.

ஆனால் இங்கே உள்ளவர்களுக்கென்று ஓர் ஓசை உண்டு. சூரியன் சங்குமுகத்தில் கடலுக்குள் போன கொஞ்ச நேரத்தில் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு குலையத் தொடங்கும் நாட்களில், அதுவரை தெளிவாக இருந்த குரல் படபடக்க ஆரம்பிக்கும். மங்கலோ இரைச்சலோ அல்ல. ஒவ்வொரு சொல்லின் விளிம்பும் நடுங்கும். மோர்ஸ் ஒலி என்றால் கமகம் பிடித்ததுபோல் அசையும். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் இதை எண்களாகப் படிக்கிறார்கள். நாம் காதால் படிக்கலாம். ரிசீவரை ஒழுங்காக 27-க்கு இறக்கியவருக்குக் கிடைக்கும் பரிசு இது. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் பதினொரு மீட்டரில் உலகமே கத்திக்கொண்டிருக்கும். 27.555-இல் ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) குரல்கள், பெரும்பாலான நாடுகளில் சட்டத்துக்கு வெளியே, ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டிருக்கும். அதே மாலையில் 28-க்குப் போனால் அதே நடுக்கம் ஒழுங்கான அழைப்புக்குறிகளோடு கேட்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பது என் ஆசை; இரண்டாவதில்தான் பதில் சொல்வேன்.

ஆன்டெனாவும் இந்த இறக்கத்தில் சேர்த்தி. அரை அலை டைபோலின் நீளத்துக்கு ஹாம்கள் போடும் கணக்கு: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 28.4-க்கு 5.035, 27.12-க்கு 5.273. வித்தியாசம் ஒரு சாண், பக்கத்துக்கு அரைச் சாண். கைதேர்ந்தவர் நீளமான கம்பியை வெட்ட மாட்டார்; நுனிகளை மடித்து அதன்மேலேயே முறுக்கி 28-க்குக் கட்டுவார்; 27-ஐக் கேட்க வேண்டும்போது பிரித்துவிடுவார். இந்த ஊரில் தூணுக்குப் பஞ்சமில்லை, தென்னை இருக்கிறது. ஆனால் காற்றில் இரண்டு தென்னையும் ஒரே பக்கம் ஆடுவதில்லை. ஒரு முனையில் கப்பியும் தொங்கவிட்ட கல்லும் வைத்தால்தான் கம்பி அறாமல் தப்பும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று கோஆக்ஸ் கேபிளின் செம்பைப் பச்சையாக்கும். இணைப்பை டேப்பால் நன்றாக மூட வேண்டும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாலைகளில் இடி கேட்குமுன் ஆன்டெனாவைக் கழற்றிவிட வேண்டும். இதற்கெல்லாம் கலை என்று பெயரில்லை. ஆனால் இது இல்லாமல் கலையும் இல்லை.

சாமான் வாங்க அலைவது தனி ருசி. எனாமல் பூசிய செம்புக் கம்பியை மோட்டார் காயில் கட்டும் கடையில் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். 22 கேஜ், 26 கேஜ் என்று சொன்னால் போதும், எதற்கென்று கேட்க மாட்டார்கள். ஆ. மாதவன் கதைகளில் வரும் சாலைக் கடைத்தெருவில் வாஷரும் நைலான் கயிறும் கப்பியும் வாங்கலாம்; தமிழிலேயே பேரம் பேசலாம். செயலிழந்த டிவியின் பலகையிலிருந்து பாலன் கோர் வரும். ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டிச் சோதிக்க 50 ஓம் டம்மி லோட் வேண்டுமா? 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருபதைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் கணக்குச் சரியாக வரும். ஒவ்வொன்றும் 2 வாட் என்றால் மொத்தம் 40 வாட் தாங்கும். மாற்றம் செய்த எந்தப் பெட்டியும் ஆன்டெனாவைப் பார்க்குமுன் இந்த லோடில்தான் மூச்சு விட்டுப் பழக வேண்டும். சில பாகங்கள் இங்கே கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர் யார் என்று பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான்.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ திரும்பிய யாராவது கொண்டுவந்த ஒரு பழைய 40 சேனல் சிபி பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். வெளி ஆன்டெனா மாட்டும் வகை என்றால் 2005-ஆம் ஆண்டு விதியின் சலுகை அதற்குக் கிடையாது. உங்களால் பயன்படுத்தவும் முடியாது. தயவுசெய்து ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உரிமம் உள்ள ஒரு ஹாமைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். அவர் அதை 28-க்கு ஏற்றிக்கொள்வார். உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. தேர்வு எழுத அந்த வயது போதும். எதுவானாலும், கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ஃபெரைட் திருகுகளை யாரும் ஸ்க்ரூடிரைவரால் திருகிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.